ஏட்டில் ஏறாத மூதாட்டி

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் கணக்கு எழுதுவதில் மிகுந்த கவனம் உடையவை. ஒரு நிரையில் எத்தனை மரம், ஒரு நாளைக்கு எத்தனை ராத்தல் பால், ஒரு மாதத்தில் எத்தனை மங்கு உடைந்தது என்பதற்கெல்லாம் ஏடு இருந்தது. ஆட்களுக்கும் செக்ரோல் என்னும் ஏடு இருந்தது. ஆனால் அதில் வந்த நாளும் வராத நாளும் இருந்தனவேயன்றி, வந்த மனிதர் யார், எங்குப் பிறந்தார், யாரை இழந்தார் என்பதற்கு இடம் இல்லை. நம்மவர் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர்கள் கங்காணி முறையைப் பற்றியும் தொழிற்சங்கங்களைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். அந்த வரலாற்றின் நடுவில் மரமும் வெட்டி, சோறும் வடித்து, பிள்ளைகளையும் ஆளாக்கிய மூதாட்டிகள் அந்நூல்களில் 'பெண் தொழிலாளர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப் போயினர்.

இக்கட்டுரை அவர்களுள் ஒருவரைப் பற்றியது. அவர் என் தந்தையைப் பெற்றவர். திருச்சி மாவட்ட வழக்கப்படி நாங்கள் அவரை 'அப்பாயி' என்று அழைத்தோம். பேரன் எழுதுவதால் மிகை இருக்குமோ என்று வாசகர் ஐயுறலாம். அப்பாயியை அறிந்தவர்க்கு அந்த ஐயம் எழாது. தம்மை யாரேனும் நேரில் புகழ்ந்தால், "போதும், அடுப்புல சோறு குழையுது" என்று எழுந்து போய்விடும் இயல்பினர் அவர்.

அப்பாயிக்கு எத்தனை வயது என்பது எங்கள் குடும்பத்தில் தீராத வழக்கு. பிறப்புச் சான்று கிடையாது. முசிறி வட்டத்தில் காவிரிக்கு வடக்கே மழையை நம்பிய ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவர் கணக்கில் ஆண்டுகளுக்கு எண் இல்லை, பெயரே இருந்தது. கப்பல் ஏறின வருசம், துப்பாக்கிச் சத்தம் கேட்ட வருசம், சயாமுக்குப் பிடித்த வருசம், கம்பிவேலி வருசம், சூரியன் கொடி இறங்கின வருசம். "பெரியவன் பொறந்தது எப்போ அப்பாயி?" என்று கேட்டால், "துப்பாக்கிச் சத்தம் கேட்டு மூணாம் மாசம் சாமி" என்பார். வரலாற்று நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கணக்கு ஒருபோதும் பொய்த்ததில்லை. ஆங்கில ஆண்டு தெரியாதவரை 'நாள் தெரியாதவர்' என்று சொல்வது எவ்வளவு பிழை என்பதை நான் அவரிடமே அறிந்தேன்.

கப்பல் ஏறின வருசம் 1937. அப்போது அவர் மணமான புதிது. ஊருக்குத் திரும்பிய கங்காணி ஒருவர், தாம் வேலை செய்யும் சிலாங்கூர்த் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தார். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1907இல், தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வரி வாங்கி ஆட்களின் கப்பற் செலவை ஏற்கும் குடியேற்ற நிதி ஏற்பட்டிருந்தது. ஆகவே அப்பாயி காசு கொடுக்காமல் வந்தார். அதனால் கடன்படாமல் வந்தார் என்று எண்ணிவிடலாகாது. கங்காணி வாங்கிக் கொடுத்த புடவைக்கும் வழிச் செலவுக்கும் இரண்டு ஆண்டு உழைத்தார்களாம்.

நாகப்பட்டினத்து முகாமில் அம்மை குத்தினார்கள். பிறகு ரஜூலா. 1926இல் கட்டப்பெற்ற அந்தக் கப்பல் 5,000க்கு மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற வல்லது. அதைப் பற்றி நம் எழுத்தாளர்கள் கண்ணீர் மல்க எழுதியதெல்லாம் உண்டு. அப்பாயிக்கு நினைவில் நின்றது வேறு. "வாந்தி எடுத்தவ தலைய இன்னொருத்தி புடிச்சா. அவ என்ன சாதின்னு கேக்கல. எறங்குன பொறவுதான் கேட்டாங்க." பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடைக்காக வைத்திருந்து, பின்னர்த் தோட்டத்துக்கு அனுப்பினர். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அந்தத் தோட்டம் இருந்தது.

வந்த மறு ஆண்டே கதவு சாத்தப்பட்டது. 1937இல் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலியை 1938இல் 45, 36 என்று குறைத்தார்கள். அதை எதிர்த்து, உதவிபெற்றுக் கப்பலேறும் தொழிலாளர் குடியேற்றத்தை 1938 சூனில் இந்திய அரசு தடை செய்தது. நாட்டின் மானத்தைக் கருதி எடுத்த நல்ல முடிவுதான். ஆனால், 'அடுத்த ஆண்டு நானும் வருகிறேன்' என்று சொல்லியிருந்த அப்பாயியின் தாயார் வரவேயில்லை. இருவரும் அதன்பின் ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. ஓர் அரசாணை எங்கோ ஒரு லயத்து வீட்டில் என்ன செய்கிறது என்பதை அரசாணையின் வாசகத்திலிருந்து அறிய முடியாது.

அக்காலத்து மலாயாவில் இந்தியப் பெண்கள் அரியவர். 1931 குடிக்கணக்கின்போதும் ஏறத்தாழ இரண்டு ஆணுக்கு ஒரு பெண் என்பதே நிலை. பெண் அரிதாயிருந்தால் மதிப்பு மிகும் என்பது சந்தைக் கணக்கு. தோட்டத்தில் அவ்வாறு நிகழவில்லை. விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய நாள் போயிற்று. நிரையில் ஒவ்வொரு மரமாகப் பட்டையைச் சாய்வாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். ஆழம் போதாவிட்டால் பால் வராது. முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி முடித்துத் திரும்பி வந்து, மங்குகளில் வடிந்ததை வாளியில் சேர்த்து, காண்டாவின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும். நடுவில் மழை வந்தால் மங்கில் தண்ணீர் நிறையும். உழைப்பு வெள்ளமாய்ப் போகும். இதையெல்லாம் ஆணும் செய்தான். மாலையில் திரும்பியபின் ஆண் திண்ணையிலோ கள்ளுக்கடையிலோ அமர்ந்தான். பெண்ணுக்குத் துணி, தண்ணீர், விறகு, அடுப்பு. கூலியில் மட்டும் ஒன்பது காசு குறைவு.

"கத்தி பழகிட்டா மரம் பேசும்" என்பார் அப்பாயி. அதில் பெருமை உண்டு. தோட்டத்து வாழ்வைத் துயரமாக மட்டுமே எழுதுவோர் இந்தப் பெருமையைக் காணத் தவறுகின்றனர். எந்த மரம் எந்த மாதத்தில் எவ்வளவு தரும் என்பதை அவர் கிராணியைவிட நன்கு அறிந்திருந்தார். தொண்ணூறு வயதில் கண் மங்கியபின்கூட வலக்கைப் பெருவிரலில் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே இருப்பார்.

துப்பாக்கிச் சத்தம் கேட்ட வருசம் 1941. கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவிற்று. கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரை எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும் என்றும் கேட்டனர். தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மே மாதம் படை இறங்கிச் சுட்டதில் ஐவர் மாண்டனர். அப்பாயி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். 'கள்ளுக்கடையை மூடு' என்ற முழக்கத்தில் பெண்களின் குரலே ஓங்கியிருந்தது என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இனிச் சொல்ல இருப்பதுதான் அவர் வாழ்வின் நடு. சப்பானியர் 1942 பிப்ரவரிக்குள் சிங்கப்பூர்வரை கைப்பற்றினர். ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்தில் மரவள்ளி நட்டனர்; அதையே தின்றனர். துணிக்குப் பதில் கோணிச்சாக்கு. வாழைமரப் படம் அச்சிட்ட தாள் கட்டுக்கட்டாக இருந்தும் ஒரு படி அரிசிக்கு வழியில்லை. அப்பாயி தாலியில் இருந்த குண்டுமணிப் பொன்னை அரிசிக்கு மாற்றிவிட்டு, கயிற்றில் விரலி மஞ்சள் ஒன்றைக் கட்டிக்கொண்டார்.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு 1943இல் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தனர். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்றே மாதத்தில் திரும்பலாம் என்றனர். பின்னர் ஆசை காட்டுவதையும் விட்டுவிட்டுப் பிடித்தே ஏற்றினர். மலாயாவிலிருந்து போனவர் 70,000க்கு மேல்; பெரும்பாலோர் தமிழர். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரவர் அக்காட்டிலேயே மடிந்தனர். எங்கள் தாத்தாவும் போனார். அப்பாயி வயிற்றில் என் தந்தை இருந்தார். என் தந்தை தம் தந்தையைக் கண்டதில்லை.

போர் 1945இல் முடிந்தது. அடுத்த ஆண்டு எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினர். "அவரை இந்த முகாமில் பார்த்தேன்" என்றார் ஒருவர். "இல்லை, பாலத்துப் பக்கம் பார்த்தேன்" என்றார் மற்றொருவர். இறந்ததைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு அமைந்த கல்லறைத் தோட்டத்தில் 6,900க்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, வயதும் உண்டு. நம்மவர் கூட்டங்கூட்டமாகக் குழிகளில் இடப்பட்டனர். அவர்களுக்குப் பெயர்க்கல் இல்லை. கல் இல்லாததனால் இங்கே ஒரு பெண் தாம் சுமங்கலியா கைம்பெண்ணா என்று அறிய முடியாத நிலை ஏற்பட்டது.

தோட்டத்துப் பெரியவர்கள் 1947இல் கூடி, கருமாதி செய்துவிடலாம் என்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. அக்காலத்தில் பல குடும்பங்களுக்கு அவ்வாறே செய்து முடித்தனர். ஒரு முடிவு இல்லாமல் வாழ்க்கை நடவாது என்பது அவர்கள் எண்ணம். அப்பாயி கேட்டது ஒன்றே ஒன்று: "அவரு செத்தத பாத்தவங்க யாரு? சொல்லுங்க, இப்பவே கழட்டறேன்." ஒருவரும் பேசவில்லை. மஞ்சள் கயிறு கழுத்திலேயே இருந்தது. என் தந்தையின் திருமணத்தில் அவர் பொட்டோடும் பூவோடும் முன்வரிசையில் நின்றார். பின்னால் முணுமுணுத்தோரும் இருந்தனர். முகத்துக்கு நேராகப் பேசினோர் இல்லை.

இது காதலா, பிடிவாதமா என்று என்னைக் கேட்டால், இரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு என்பேன். அன்றைய தோட்டத்தில் இளங்கைம்பெண் எனப்பட்டவளுக்கு இருந்த இடர்கள் பல. கணவன் வருவான் என்ற ஒரு சொல் அவரைச் சுற்றி வேலியாக நின்றது. அந்த வேலிக்குள் நின்றுதான் அவர் குடும்பத் தலைமையை ஏற்றார். நம் குடும்பங்களில் பாட்டியின் சொல்லுக்கு அத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று இளையோர் வியக்கின்றனர். மரபில் இருந்து வந்தது என்று விடை சொல்கிறோம். எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. ஊரில் இருந்திருந்தால் மாமனார், கொழுந்தன், பங்காளி என்று எத்தனையோ ஆண்கள் அந்த இடத்தில் இருந்திருப்பர். இங்கே கப்பல் உறவைப் பிரித்தது. ரயில் ஆணைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர் அப்பாயி ஒருவரே.

கம்பிவேலி வருசத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1948 சூனில் அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகக் கூட்டி வேலி போட்டனர். வேலைக்குப் போகும்போது மடியில் அரிசி இருக்கிறதா என்று சோதித்தனர். அடையாள அட்டையும் அப்போதுதான் வந்தது. பதிவு செய்ய வந்த எழுத்தர் அப்பாயியைப் பார்த்து ஒரு கணம் யோசித்து, பிறந்த ஆண்டு 1918 என்று எழுதினார். அந்த ஒரு கணத்தின் விளைவைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தலைமை என்பது முடிவெடுப்பது. அப்பாயி எடுத்த முடிவுகளுள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஆண்பிள்ளைகள் இருவரும் கத்தி பிடிக்கக் கூடாது என்பது முதல் முடிவு. தோட்டப் பள்ளிகள் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் எழுந்தவை. ஏழிலிருந்து பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் விதிக்காகவே வைத்தனர். பெரியப்பா அதில் ஆறாம் வகுப்பு முடித்துப் பட்டணத்தில் கடை வேலைக்குப் போனார். என் தந்தை அதற்கும் மேலே படித்து ஆசிரியரானார். எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறிய வழி அதுவே.

அந்த வழியை அமைத்துத் தந்தவர் அத்தை. மூவரில் மூத்தவர் அவர். பன்னிரண்டு வயதில் பள்ளியை நிறுத்தி அப்பாயி அவரைத் தம் நிரைக்குப் பக்கத்து நிரைக்கு அழைத்துப் போனார். தம்பியர் புத்தகத்துக்கும் சட்டைக்கும் அத்தையின் கூலி போயிற்று. அத்தைக்குப் படிப்பில் ஆசை இருந்தது, நன்றாகவும் படித்தாராம். "அம்மா என்னய வெறுத்தாங்கன்னு சொல்ல மாட்டேன். என்னய நம்புனாங்க. நம்புனவங்க மேலதான பாரத்த வெப்பாங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகம் இறுகியிருந்தது. தாய்க்குலத்தின் தியாகம் என்று மேடையில் முழங்குவோர், அத்தியாகத்தில் பாதியை மூத்த பெண் குழந்தைகளே செலுத்தினர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது முடிவு பங்கு வாங்கியது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுச் சென்ற காலம் அது. பலர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளிப் பங்கு சேர்க்கும்படி தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்டார். நாட்கூலி மூன்று வெள்ளி அளவில் இருந்த காலத்தில் பத்து வெள்ளி சிறிய தொகையன்று. பெரியப்பா பெயரில் அப்பாயி கட்டினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. "நாமளும் ஒரு மரத்துக்குச் சொந்தக்காரங்கடா" என்று அந்தப் புத்தகத்தைத் தகரப்பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

இப்போது அந்த 1918க்கு வருகிறேன். நாடு 1957 ஆகஸ்ட் 31இல் விடுதலை பெற்றபோது, வெளிநாட்டில் பிறந்து இங்கு வாழ்ந்தோர் பதிவின்மூலம் குடியுரிமை பெற வழி வைத்தனர். முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டு இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். 45 வயது நிறைந்தவர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழித் தேர்வு இல்லை. அட்டைப்படி அப்பாயிக்கு வயது 39. அதே கப்பலில் வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மற்றோர் எழுத்தர் 1912 என்று எழுதியிருந்தார். அவருக்கு நீல அட்டை கிடைத்தது. அப்பாயி சந்தையில் மலாய் பேசி மீன் வாங்குவார். ஆனால் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஓர் அதிகாரியின் கேள்விக்கு விடை சொல்லும் துணிவு அவருக்கு அப்போது இல்லை. ஒருநாள் கூலியை இழந்து பட்டணம் போவதற்கும் மனம் இல்லை. கணவர் வந்து சேர்ந்தபின் இருவருமாகச் சேர்ந்து போகலாம் என்ற எண்ணமும் இருந்தது என்பார் அத்தை. சிவப்பு அட்டையே நிலைத்தது.

அந்த நிறத்தின் பொருள் 1969இல் விளங்கியது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. உரிமம் கிடைக்காமலும், கிடைக்காது என்று அஞ்சியும், ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினர். பலர் திரும்பிச் சென்றதும் ரஜூலாவில்தான். அதன் ஓட்டம் 1973வரை நீடித்தது. அப்பாயிக்கு உரிமம் கிடைத்தது. வழியனுப்பத் துறைமுகம்வரை போய் வந்தவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. "நீங்களும் போகலாம்னு நெனச்சீங்களா?" என்று பின்னாளில் நான் கேட்டேன். "எங்க போறது? அவரு சயாம்ல இருந்து வந்தா இங்கதான தேடுவாரு" என்றார். அவர் சொன்னது விளையாட்டா உண்மையா என்று அறிய முகத்தைப் பார்த்தேன். அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

தோட்டம் விற்கப்பட்டு செம்பனை வந்தபின், அப்பாயி அத்தையோடு அடுக்குமாடி வீட்டில் குடியேறினார். நான்காம் மாடிக்கு ஏறிய நாளில், "மண்ணுல கால் படாத வீடு" என்று ஒரு தொட்டி மண்ணைக் கொண்டுவரச் செய்து கறிவேப்பிலை வைத்தார். குடியுரிமைக்கு என் தந்தை பலமுறை விண்ணப்பித்தார். ஒருமுறை விடையே இல்லை. மறுமுறை, மகனின் பிறப்புச் சான்றைத் தாயின் பிறப்புச் சான்றாகக் கேட்டனர். ஐந்து தேர்தலுக்கு மேல் பேரப்பிள்ளைகள் வாக்களித்து வந்து கூறினர். அப்பாயி, "யாரு செயிச்சா அரிசி வெல எறங்கும்?" என்று மட்டும் கேட்பார்.

2012இல் அவர் இயற்கை எய்தினார். நாளேட்டுக்கு இரங்கல் அறிவிப்புத் தர வயது வேண்டியிருந்தது. பெரியப்பா 94 என்றார். அட்டை அப்படிச் சொன்னது. அத்தை 92க்கு மேல் இராது என்று வாதிட்டார். 94 என்றே அச்சாயிற்று. குளிப்பாட்டும் வேளையில் வேறொரு கேள்வி எழுந்தது. மஞ்சள் கயிற்றை என்ன செய்வது? தாத்தா இருந்திருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பார். ஆண்கள் ஆளுக்கொரு முறை சொன்னோம். அத்தை எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். திறந்தபோது அப்பாயி நெற்றி நிறையக் குங்குமத்தோடு சுமங்கலிக் கோலத்தில் இருந்தார்.

2018இல், அறுபது வயதைக் கடந்து சிவப்பு அட்டையோடு வாழும் இந்தியர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அன்று மாலை அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். தகரப்பெட்டியில் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தின் மேல் அந்தச் சிவப்பு அட்டை இருந்தது. இந்தக் கட்டுரைக்காக ஒரு படி எடுத்துக்கொள்ளட்டுமா என்று அண்மையில் மீண்டும் கேட்டேன். "அதுல இருக்கற வருசம் பொய்யி. போட்டோ மட்டும்தான் எங்கம்மா" என்று சொல்லி அத்தை பெட்டியை மூடிவிட்டார்.